முத்தாக்கிய புழு: ஒட்டுண்ணி என்ற சொல்லுக்கு ஒரு கடல் வரலாறு

1

'ஒட்டுண்ணி' என்ற சொல்லை நானும் எழுதியிருக்கிறேன். பத்து வருஷத்துக்கு முன்னால் கந்துவட்டிக்கு எதிராக நாங்கள் சிலர் சேர்ந்து அச்சடித்த துண்டறிக்கையில், வட்டிக்காரர்களைக் குறிக்க அந்தச் சொல்லைப் போட்டவன் நான்தான். அப்போது அது சரியான சொல்லாகவே பட்டது. சில வருஷம் கழித்து, திருத்தணி ரயிலடியில் யாரோ கையில் திணித்துவிட்டுப் போன வேறொரு துண்டறிக்கையில் அதே சொல்லைப் பார்த்தேன். இம்முறை அது கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளர்கள்மேல் உட்கார்ந்திருந்தது. போன வருஷம் ஒரு கூட்டத்தில், விமர்சகன் என்பவன் படைப்பாளியின் ரத்தத்தை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணி என்று ஒரு கவிஞர் சொன்னார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

மூன்று இடத்திலும் சொல் ஒன்றுதான். யார்மேல் ஒட்டினாலும் அவரைப் பற்றி மேற்கொண்டு எதுவும் விசாரிக்க வேண்டியதில்லை, நீக்கினால் போதும் என்ற நிலைக்கு அது கொண்டுவந்துவிடுகிறது. நாஜிகள் யூதர்களைப் பற்றி இந்தச் சொல்லால்தான் பேசினார்கள். சோவியத் ரஷ்யாவில் 1964-இல் கவிஞர் ஜோசப் பிராட்ஸ்கி தண்டிக்கப்பட்டது 'சமூக ஒட்டுண்ணித்தனம்' என்ற குற்றச்சாட்டின் பேரில். வலது, இடது என்ற பேதம் இந்தச் சொல்லுக்கு இல்லை.

ஆனால் சொல்லின் தொடக்கம் வசையல்ல. பழைய ஏதென்சில் 'பராசிடோஸ்' என்பது கோயிலில் பூசாரியோடு உட்கார்ந்து சடங்கு விருந்தை உண்ணும் உரிமை பெற்றவருக்கான மரியாதைப் பெயர். பிறகு கிரேக்க நகைச்சுவை நாடகங்களில் அது ஓசிச்சோற்றுக்காரனின் பெயராயிற்று. அங்கிருந்து உயிரியலுக்குப் போய், அறிவியல் முத்திரையோடு அரசியலுக்குத் திரும்பி வந்தது. இந்தக் கடைசிப் பயணத்தில்தான் ஒரு மோசடி நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். 'இயற்கையே அப்படித்தான்' என்று சொல்ல நாம் உயிரியலைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறோம். சாட்சி உண்மையில் என்ன சொல்கிறது என்று கேட்பதில்லை. அதைக் கேட்கும் முயற்சி இது.

2

திருத்தணிக்குக் கடல் கிடையாது. இங்கே மீன் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று காசிமேட்டிலிருந்து, எண்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வரும் கடல் மீன். மற்றது ஆந்திரக் குட்டைகளில் வளர்த்த கட்லாவும் ரோகுவும். ஒரே கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பெட்டியில் ஐஸ் போட்டுக் கிடக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கருப்பு வௌவால் வாங்கினேன். கடைக்கார அக்கா செவுளைக் கிள்ளும்போது, மீனின் வாய்க்குள்ளிருந்து வெளிறிய ஒரு பூச்சி வந்து விழுந்தது. கொக்கி மாதிரி வளைந்த கால்கள். இறால், நண்டு இனத்தோடு உறவுள்ள ஒட்டுண்ணி அது. நான் பின்வாங்கியதைப் பார்த்து அக்கா சிரித்தார்.

"இன்னா சார், பயந்துக்கினியா? கடல்ல மேஞ்ச மீனு. நாலு எடம் சுத்தும், நாலயும் துன்னும். வாயில இத்த மாதிரி ஒண்ணு குந்திக்கினுதான் இருக்கும். எடுத்துப் போட்டுட்டுக் கொழம்பு வையி."

"அப்போ குட்டை மீன்ல இது இருக்காதாக்கா?"

"அதுக்கு வேற பூச்சி. ஆனா அங்க வந்துச்சுன்னா ஒரு மீனுக்கு வராது சார், குட்டைக்கே வரும்."

உயிரியலாளர்கள் ஒரு நூற்றாண்டாகச் சேர்த்த அறிவின் பெரும்பகுதி இந்த இரண்டு வாக்கியத்தில் இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. குட்டை மீனைத் தாக்கும் மீன் பேன், முட்டையிலிருந்து வெளிவந்ததும் நேராக இன்னொரு மீனைப் பிடித்துக்கொள்ளும். நடுவில் வேறு உயிர் தேவையில்லை. நெருக்கடியாக மீன் இருந்தால் போதும். கடல் மீனின் குடலில் இருக்கும் புழுக்கள் பலவற்றின் கதை வேறு. தட்டைப்புழு ஒன்று முதலில் நத்தைக்குள் வளர வேண்டும். அங்கிருந்து வெளியேறி வேறொரு சிற்றுயிருக்குள் தங்க வேண்டும். அந்தச் சிற்றுயிரை மீன் தின்ன வேண்டும். நாடாப்புழுவென்றால் கண்ணுக்குத் தெரியாத கடல் நுண்ணுயிரிலிருந்து சிறுமீனுக்கும், சிறுமீனிலிருந்து சுறாவுக்கோ திருக்கைக்கோ போக வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அந்தப் புழு இல்லை.

ஆக, ஒரு மீனுக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்பது அந்த மீன் யார் யாரோடு வாழ்ந்தது, எதைத் தின்றது என்பதற்கான பதிவு. இதை முதலில் கண்டடைந்த இடங்களில் ஒன்று நம்முடைய மன்னார் வளைகுடா. கண்டடைந்த காரணம் மீன்மேல் கொண்ட அக்கறையல்ல, முத்து.

3

சிப்பிக்குள் முத்து எப்படி உண்டாகிறது என்பதற்கு நம்மிடம் சுவாதி மழைத்துளிக் கதை இருந்தது. 1852-இல் இத்தாலியரான பிலிப்போ டி பிலிப்பி, நன்னீர்ச் சிப்பிகளில் முத்து விளைவதற்குக் காரணம் ஒரு புழு என்று சொன்னார். சில ஆண்டுகளில், இலங்கையில் பிறந்த மருத்துவர் இ.எஃப். கெலார்ட் மன்னார்க் கடலின் முத்துச் சிப்பிகளை ஆராய்ந்து, அங்கும் புழுக்களுக்குப் பங்கிருக்கிறது என்று 1859-இல் எழுதினார். புழு இல்லாத பார்களுக்குப் புழுவைப் பரப்பினால் முத்து பெருகலாம் என்ற யோசனையும் அவருடையது. நோயை விளைச்சலாகப் பார்க்கும் பார்வை அங்கேயே தொடங்கிவிட்டது.

1891-க்குப் பிறகு இலங்கைப் பகுதியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சிப்பி இல்லை. வருமானம் நின்ற காலனி அரசாங்கம் அறிவியலைக் கூப்பிட்டது. 1902 ஜனவரியில் லிவர்பூல் பேராசிரியர் டபிள்யூ.ஏ. ஹெர்ட்மன் வந்து சேர்ந்தார். உதவிக்கு ஜேம்ஸ் ஹார்னெல். சில மாதங்களில் ஹெர்ட்மன் திரும்பிவிட, ஹார்னெல் தங்கி வேலையைத் தொடர்ந்தார். பின்னாளில் சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநரானவர் இவர்தான். அவர்களுடைய அறிக்கையை 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக லண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்டது.

கேம்பிரிட்ஜின் ஆர்தர் ஷிப்லியும் ஹார்னெலும் சேர்ந்து 1904-இல் விவரித்த ஒரு நாடாப்புழுதான் இந்த வரலாற்றின் நாயகன். சிப்பியின் சதைக்குள் அதன் இளம்பருவம் உருண்டையாகச் சுருண்டு கிடக்கிறது, சிப்பி அதைச் சுற்றி முத்துப்பூச்சைப் பூசிப் புதைத்துவிடுகிறது, அதுவே முத்து. புதைபடாமல் தப்பியவை? சிப்பியை ஓட்டோடு கடித்து நொறுக்கும் கிளாத்தி மீனுக்குள் போகின்றன. கிளாத்தியைத் திருக்கை தின்கிறது. திருக்கையின் குடலில் புழு முழு வளர்ச்சியடைந்து முட்டையிடுகிறது. முட்டை கடலில் கலந்து மறுபடி சிப்பிக்கு வருகிறது. இதுதான் கோட்பாடு. இதன்படி பார்த்தால் சிப்பியை அழிக்கும் மீன்களே முத்துக்கும் காரணம். எதிரிகளை ஒழித்தால் சிப்பி மிஞ்சும், முத்து மிஞ்சாது.

புழுவுக்கு அவர்கள் வைத்த லத்தீன் பெயரின் பிற்பகுதி 'யூனியோனிஃபாக்டர்'. முத்தாக்குபவன் என்று பொருள். இந்தப் பெயரிடலில் சற்று நிற்க வேண்டும். கல்லைக் காலில் கட்டி, மூச்சை அடக்கி, ஏழெட்டுப் பாக ஆழத்துக்கு இறங்கிச் சிப்பியைப் பொறுக்கி வந்தவர்கள் தமிழரும் சோனகரும் அரபிகளும். அவர்களுக்கு எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. சுறா அண்டாமல் மந்திரத்தால் கடலைக் 'கட்டுகிற' கடல்கட்டிக்கு அரசாங்கமே ஊதியம் கொடுத்த வழக்கமும் இருந்தது, அவர் இல்லாமல் யாரும் இறங்க மாட்டார்கள் என்பதால். காலனியச் சொல்லாடலில் மூழ்குபவன் கூலி, கடல்கட்டி மூடநம்பிக்கை, புழுதான் 'ஆக்குபவன்'. உழைப்பைச் செய்தவர்களிடமிருந்து 'ஆக்குதல்' என்ற வினையைப் பறித்து இயற்கைக்குக் கொடுத்துவிட்டால், இயற்கையின் சொந்தக்காரனுக்கு அதில் பாத்தியதை வந்துவிடுகிறது.

1903-இல் முத்துக்குளிப்பு மறுபடி தொடங்கியது. 1905-இல் எட்டு கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்துக்கு 25 லட்சம் ரூபாய்க்கு மேல் வந்தது. எடுத்த சிப்பியைக் குவித்து அழுகவிடுவார்கள். ஈ மொய்த்து, முட்டையிட்டு, புழுக்கள் சதையைத் தின்று தீர்த்த பிறகு கழுவினால் முத்து தங்கும். வேலையாள் செலவில்லாமல் வேலை செய்த இந்தப் புழுக்களுக்கு யாரும் லத்தீனில் பட்டம் கொடுக்கவில்லை. 1906-இல் மரிச்சுக்கட்டி முகாமில் அதிகாரியாக நின்றவர் இளைஞர் லெனார்ட் உல்ஃப். அந்த நாற்றத்தையும் சாவையும் அவர் பின்னால் 'முத்தும் பன்றியும்' என்று பொருள்படும் தலைப்பில் சிறுகதையாக்கினார்.

அதே 1906-இல் அரசாங்கம் பார்களை ஒரு லண்டன் கம்பெனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. ஆண்டுக்கு 3,10,000 ரூபாய். கடலின் அடித்தளம் பங்குச் சந்தைக்கு வந்தது. 1907-இல் ஒரு குளிப்பு நடந்தது, அதோடு சரி. பார்கள் காலி. சில ஆண்டுகளில் கம்பெனியும் மூடப்பட்டது. இலங்கையில் அடுத்த முத்துக்குளிப்பு நடக்க 1925 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கோட்பாடும் நிலைக்கவில்லை. ஐரோப்பியக் கடல் சிப்பிகளில் முத்துக்குக் காரணம் புழுதான் என்று 1902-இல் காட்டியவர் லிஸ்டர் ஜேம்சன். அவரே 1912-இல் இலங்கை முத்துகளை ஆராய்ந்து, இங்கே அந்த விளக்கம் பொருந்தாது என்றார். சிப்பியில் கிடக்கும் அந்த உருண்டைப் பருவம் வேறொரு நாடாப்புழு இனத்தைச் சேர்ந்தது; நல்ல முத்துகளின் நடுவில் புழுவைக் காண்பதே அரிது. சிப்பியின் மேலுறைத் திசு உள்ளே பெயர்ந்துபோய்ப் பையாக மூடிக்கொண்டு சுரப்பதால்தான் முத்து விளைகிறது. திசு இடம்பெயர எதுவும் காரணமாகலாம். புழு அவற்றில் ஒன்றாக இருக்கலாம், அவ்வளவுதான். இந்தத் திசுவின் சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்ட ஜப்பானியர்கள் வளர்ப்பு முத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, மூழ்கி எடுக்கும் தொழிலின் விலை சரிந்தது. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல்.

4

முத்து பற்றிய கோட்பாடு தோற்றது. ஆனால் அதற்குள் இருந்த இன்னொரு உண்மை தோற்கவில்லை: சிப்பி, கிளாத்தி, திருக்கை என்று மூன்று உயிர்களைக் கோக்காமல் புழுவைப் பற்றிப் பேச முடியாது. அரசாங்கம் இந்த வலையை வரவு செலவுக் கணக்காக மட்டும் வாசித்தது. வலையாகவே வாசிக்கும் ஆய்வு வேறு இடங்களில் வளர்ந்தது.

1920களின் பிற்பகுதியிலிருந்து லெனின்கிராடில் வாலண்டின் டோகியல் கேட்ட கேள்வி, 'இந்தப் புழுவின் பெயர் என்ன' என்பதல்ல. 'இந்த மீனுக்குள் இந்தக் கூட்டம் ஏன் இப்படி அமைந்தது' என்பது. மீனுக்கு வயதாக ஆக ஒட்டுண்ணிகளின் வகை கூடுகிறது. அதிக நாள் வாழ்ந்தது, அதிகம் தின்றது, பெரிய உடம்பில் இடமும் அதிகம். பருவத்துக்கு ஏற்ப உணவு மாறினால் கூட்டமும் மாறுகிறது. கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறும் மீன் தன் கடல் ஒட்டுண்ணிகள் பலவற்றை இழந்துவிடுகிறது. பின்வந்தவர்கள் மேலும் சேர்த்தார்கள். செவுளில் ஒட்டும் சிலவகைப் புழுக்கள் ஒரு மீனினத்தையோ அதன் நெருங்கிய உறவையோ தவிர வேறெங்கும் ஒட்டுவதில்லை; ஆகவே மீனின் வம்சாவளியும் ஒரு காரணி. ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய கிளாஸ் ரோடே, வெப்பக் கடல்களை நெருங்க நெருங்க, மீனின் தோலிலும் செவுளிலும் வாழும் ஒட்டுண்ணி இனங்கள் கூடுகின்றன என்று காட்டினார். இன்னொன்றும் சொன்னார்: மீனின் உடம்பில் காலியிடம் நிறைய இருக்கிறது, ஒட்டுண்ணிகள் இடத்துக்காக ஒன்றோடொன்று மோதிக்கொள்வது நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. வாழ்க்கை என்றால் போட்டி என்ற பெருங்கதையாடலுக்கு மீனின் செவுளுக்குள்ளிருந்து ஒரு மறுப்பு.

நம் கரைகளிலும் இந்த வேலை பொறுமையாக நடந்திருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம், கேரளத்தில் என். கிருஷ்ண பிள்ளை, கடல் மீன்களில் ஒட்டும் சிறு ஓட்டுடலிகளைப் பற்றி 1985-இல் பெருநூல் தந்தார். விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் ஆர். மாதவி வங்கக் கடல் மீன்களின் தட்டைப்புழுக்களைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து, 2018-இல் ராட்னி பிரேயோடு சேர்ந்து இந்தியக் கடல் மீன்கள் அனைத்துக்குமான தொகுப்பை வெளியிட்டார். நம் சிற்றேடுகளில் இவர்கள் பெயர் வந்து நான் பார்த்ததில்லை. ஃபூக்கோ வந்த அளவுக்கு நம் கடலை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் வரவில்லை என்பதை நம்மைப் பற்றிய குறிப்பாகவே சொல்கிறேன்.

எல்லை ஊரில் இருப்பவனுக்கு இதில் தனி ஈடுபாடு உண்டு. திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1-இல். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் அதற்குப் பின்னால் இருக்கிறது. கிராமம் கிராமமாக எந்த மொழி பேசுவோர் அதிகம் என்று எண்ணிக் கோடு போட்டார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் வட பசிபிக்கில் வேறொரு எல்லைத் தகராறு. நடுக்கடலில் பிடிபடும் சால்மன் மீன்கள் ஆசிய ஆறுகளுக்கு உரியவையா, அமெரிக்க ஆறுகளுக்கு உரியவையா? கனடாவின் லியோ மார்கோலிஸ் மீனின் உடம்பைத் திறந்து பார்த்தார். ஒரு வகைப் புழு இருந்தால் அது அலாஸ்காவில் வளர்ந்த மீன். வேறொரு வகை இருந்தால் கம்சட்காவிலிருந்து வந்தது. குஞ்சாக இருந்தபோது எங்கே மேய்ந்தது என்பதை ஒட்டுண்ணி மறக்காமல் வைத்திருந்தது. பிறந்த மண்ணின் சாட்சியாக நின்றது, நாம் 'அந்நியன்' என்று பிடுங்கி எறிய நினைக்கும் அந்தப் புழு.

5

புழுவைப் புனிதமாக்குவது என் நோக்கமில்லை. ஒட்டுண்ணி தான் ஒட்டியிருக்கும் உயிருக்குக் கெடுதல் செய்கிறது. சில நேரம் கொல்கிறது. குட்டையில் மீன் பேன் பெருகினால் மீன் வளர்ப்பவர் கடனாளியாகிறார். நான் கேட்பது எந்த நிலைமையில் எந்த ஒட்டுண்ணி பெருகுகிறது என்பதை மட்டும்.

மனிதன் அதிகம் மீன்பிடிக்காத கடலையும் அதிகம் பிடிக்கும் கடலையும் ஒப்பிட்டவர்கள் பசிபிக் தீவுகளில் ஒன்றைக் கவனித்தார்கள். பல உயிர்களைத் தாண்டி வளர வேண்டிய புழுக்கள் மீன்பிடி மிகுந்த இடத்தில் குறைகின்றன. நேராக மீனுக்கு மீன் தாவுகிறவை அந்த அளவுக்குக் குறைவதில்லை, சில கூடவும் செய்கின்றன. 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அருங்காட்சியகக் குடுவைகளில் ஊறிக் கிடந்த மீன்களைத் திறந்து எண்ணியது. மூன்றோ அதற்கு மேலோ உயிர்கள் தேவைப்படும் ஒட்டுண்ணிகள் கடல் சூடேறச் சூடேறக் குறைந்துகொண்டே வந்திருக்கின்றன.

மன்னார்ச் சங்கிலியின் உச்சியில் இருப்பது திருக்கை. நம் கரையில் 1960களிலிருந்து பெருகிய இழுவைமடி தரையைச் சுரண்டிப் போகும்போது முதலில் அகப்படும் உயிர்களில் அது ஒன்று. மெதுவாக வளர்ந்து கொஞ்சமாகக் குட்டி போடுவதால் ஈடுகட்ட முடியாமல் தவிப்பதும் அது. திருக்கை போனால் அதன் குடலில் மட்டுமே முட்டையிட முடிந்த புழுக்களும் போகும். யாரும் துக்கம் கொண்டாடப் போவதில்லை. ஆனால் வலை அறுந்ததற்கான அடையாளம் அதுவாகத்தான் இருக்கும். அதன் பிறகு கடல் ஆந்திரக் குட்டை மாதிரி ஆகும்: இனம் கொஞ்சம், நெருக்கடி அதிகம், வந்தால் எல்லாருக்கும் வரும் பூச்சி.

ஆக, சாட்சி சொல்வது இதுதான். ஒட்டுண்ணி என்பது ஓர் உயிரின் குணமல்ல, ஓர் உறவின் பெயர். யார் எதைத் தின்கிறார்கள், யார் யாரோடு நெருக்கப்படுகிறார்கள், மேலேயிருந்து எது அகற்றப்பட்டது என்று கேட்காமல் அதைப் பற்றி ஒரு வாக்கியமும் எழுத முடியாது. அரசியலில் நாம் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதோ, இந்தக் கேள்விகளைக் கேட்காமல் தப்பிப்பதற்காக. தமிழில் உயிரியல் பாடநூல்கள் ஒட்டுண்ணி தங்கும் உயிரை 'விருந்தோம்பி' என்கின்றன. திருக்குறளில் ஒரு அதிகாரத்துக்குத் தலைப்பான சொல்லை அங்கே கொண்டுபோய் வைத்த மொழிபெயர்ப்பாளர் யாரோ, அவருக்கு நகைச்சுவை இருந்திருக்க வேண்டும்.

விமர்சகன் பிரதியின் ஒட்டுண்ணி என்ற குற்றச்சாட்டுக்கு அமெரிக்க விமர்சகர் ஹில்லிஸ் மில்லர் 1977-இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் பதில் சொன்னார்: எது ஒட்டுண்ணி, எது விருந்தோம்பி என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று இருக்கின்றன என்று. அந்தக் கவிஞருக்கு இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை; தோன்றியிருந்தாலும் அது எனக்கு மட்டும் போதுமான பதில். ரயிலடியில் இறங்கும் தொழிலாளிக்கு அது போதாது.

கந்துவட்டிக்கு எதிராக இந்த மாதம் மறுபடி ஒரு துண்டறிக்கை தயாராகிறது. வரைவை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். 'ஒட்டுண்ணி' இரண்டு இடத்தில் வந்திருந்தது, அடித்துவிட்டேன். அந்த இடத்தில் என்ன போடலாம் என்று தோழர் கேட்டார். பத்தாயிரம் கடன் கொடுக்கும்போதே முதலில் எவ்வளவு பிடித்துக்கொள்கிறார்கள், வாரத்துக்கு எவ்வளவு கட்டச் சொல்கிறார்கள், வங்கியில் ஏன் கிடைக்கவில்லை, இதை எழுதலாம் என்றேன். "இவ்ளோ எழுதினா எடம் பத்தாதே தோழர்" என்றார். எழுத்தைச் சின்னதாக்கிப் போடுவோம் என்று சொல்லியிருக்கிறேன்.